கதை பாதியில் நிற்கட்டும்

இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம். முதன்முதலாகப் பள்ளிக்கு வந்திருந்த ஐந்து வயதுப் பையனின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவன் அதை முகர்ந்து பார்த்தான். பிறகு கடித்துப் பார்த்தான். திறந்து பார்க்கவேண்டிய பொருள் அது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கவனித்தவர் வெண்டி கூலிங். ஆசிரியராக இருந்தவர், பிறகு குழந்தைகளுக்கான நூல்களை மக்களிடம் கொண்டுபோகும் பணிக்கு வந்தவர். பையனிடம் குறை எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. ஐந்து வருடமாக யாரும் அவனிடம் ஒரு புத்தகத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டார்.

அந்தக் காட்சி அவரை விடவில்லை. 1992-இல் பர்மிங்ஹாம் நகரில், மருத்துவப் பரிசோதனைக்கு வரும் கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் திட்டம் அவர் முயற்சியால் தொடங்கியது. முதல் சுற்றில் 300 குழந்தைகள். ‘புக்ஸ்டார்ட்’ என்று பெயர். நூலகம், சுகாதாரப் பணியாளர்கள், பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்தன. இன்னும் உட்காரவே சரியாகப் பழகாத குழந்தைக்குப் புத்தகமா என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் திட்டம் நாடு முழுவதும் பரவியது. 2001-இல் ஜப்பான் தன் உள்ளாட்சி அமைப்புகள் வழியாக அதைத் தொடங்கியது.

கடிப்பதில் தப்பில்லை. ஐந்து வயதில் கடித்ததுதான் பிந்திப்போன காரியம். ஏழெட்டு மாதத்தில் எல்லாக் குழந்தையும் புத்தகத்தை வாயில்தான் வைக்கும். அதற்காகவே தடித்த அட்டையில், முனை மழுங்கிய பக்கங்களோடு புத்தகம் செய்கிறார்கள்.

வாயில் வைத்து முடிந்ததும் அடுத்த கட்டம் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒன்பது மாதக் குழந்தைகள் முன்னால், பொம்மைகளின் வண்ணப் புகைப்படங்கள் கொண்ட புத்தகத்தை விரித்து வைத்தார்கள். குழந்தைகள் படத்தைத் தடவின, தட்டின, விரல்களைக் குவித்து அந்தப் பொம்மையைத் தாளிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்தன. அமெரிக்கக் குழந்தைகள் மட்டுமல்ல, படப்புத்தகத்தையே கண்டிராத ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் அப்படியே செய்தன. பத்தொன்பது மாதம் ஆகும்போது அமெரிக்கக் குழந்தைகள் பிய்ப்பதை விட்டுவிட்டு, படத்தை விரலால் சுட்டிக் குரல் கொடுத்தன. படத்தில் இருப்பது பொருள் இல்லை, பொருளைக் குறிக்கிற ஒன்று என்பது அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிடிபட்டிருந்தது.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பின்னாளில் ‘அ’ என்ற கோட்டு வடிவம் ஓர் ஒலியைக் குறிக்கிறது என்று அந்தக் குழந்தை ஒப்புக்கொள்ளப்போகிறதே, அதற்கான முதல் பாடம் இங்கேதான் நடக்கிறது. ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்பது பிறவியிலேயே தெரிந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் மடியில் உட்காரவைத்து, பக்கத்தைப் புரட்டி, “இதோ பாரு, பூனை” என்று பலமுறை சொன்ன பிறகுதான் தெரிகிறது.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது, புத்தகத்தின் மேல் நாம் வைத்திருக்கும் மரியாதை. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரஸ்வதி பூசையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தை இழுத்தவுடன் “கிழிச்சிடுவான், எடுத்து மேல வை” என்ற குரல் வருகிறது. புத்தகம் பீரோ மேலே போய்விடுகிறது. இரண்டரை வயதில் அது கீழே இறங்கி வரும்போது பாடப்புத்தகமாகி வருகிறது. கூடவே சுவரில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ சார்ட் ஒன்றும் தொங்கும். வீட்டுக்கு யாராவது வந்தால் “அங்கிளுக்குச் சொல்லிக் காட்டு” என்று ஒரு வாய்மொழித் தேர்வு. புத்தகம் என்றால் கேள்வி கேட்டு மாட்டிவிடும் சாமான் என்று குழந்தை முடிவுகட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

அப்படியானால் சின்னக் குழந்தையோடு எப்படித்தான் புத்தகம் பார்ப்பது? இதற்கு நல்ல பதிலைக் கொடுத்த ஆய்வு, நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் நடத்தி 1988-இல் வெளியிட்டது. இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினரும் ஒரு மாதம் குழந்தைகளுக்கு வீட்டில் படித்துக்காட்டினார்கள். எத்தனை தடவை படித்தார்கள் என்பதில் வித்தியாசம் இல்லை. ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது: வரிவரியாகப் படித்துக்கொண்டே போகாதீர்கள், நிறுத்துங்கள். ‘நாய் எங்கே?’ என்று கேட்டால் குழந்தை விரலை நீட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் வாய் திறந்து பதில் சொல்லவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை வாங்கி, இரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். மாத முடிவில் சோதித்தபோது, இந்தப் பிரிவின் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். நேரம் ஒன்றுதான்; கேட்டுக்கொண்டிருந்த குழந்தை பேசத் தொடங்கியதுதான் மாற்றம்.

நம் பாட்டிமார்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டச் சொல்வார்கள். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்பவன் தூங்கிவிடாமல் கூடவே வருகிறானா என்று பார்க்கும் வழி அது. படப்புத்தகம் அந்த ‘உம்’மை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. கண்ணுக்கு முன்னால் படம் இருப்பதால், ‘உம்’ கொட்டும் இடத்தில் குழந்தை தன் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடலாம்.

ஓர் அம்மாவும் இரண்டு வயதுப் பெண்ணும். விரித்த பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு யானை.

“யாரு பாப்பா இது?”

“ஆனை.”

“ஆமா, ஆனை. பெரிய ஆனை. என்ன பண்ணுது?”

“குளி.”

“ஓ, குளிக்குதா! தும்பிக்கையால தண்ணிய எடுத்து முதுகுல ஊத்திக்கிது. நேத்து உனக்குத் தலைக்கு ஊத்தினப்ப என்ன ஆச்சு?”

“கண்ணு... எரி.”

“ஆமாடா தங்கம், சோப்பு பட்டுக் கண்ணு எரிஞ்சுச்சு. ஆனைக்கு எரியுமா?”

இதற்குப் பாப்பா ரொம்ப நேரம் யோசிக்கிறாள். பிறகு ஆனைக்குச் சோப்புப் போட அதோட அப்பா இருக்காங்களா என்று தன் மொழியில் கேட்கிறாள். கதை அங்கேயே நின்றுபோனது. யானை ஆற்றைக் கடந்ததா, முதலை வந்ததா, அன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தவை அதிகம். ‘குளி’ என்ற ஒற்றைச் சொல் ‘குளிக்குதா’ என்று முழு வடிவில் குழந்தையின் காதுக்குத் திரும்பி வந்தது. கண்ணெதிரே இல்லாத நேற்றைய சம்பவம் பேச்சுக்குள் வந்தது. கடைசியில் கேள்வி கேட்டது குழந்தை. புத்தகத்தை முடித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் பெரியவர்களுக்குத்தான் உண்டு, குழந்தைக்குக் கிடையாது.

இதையெல்லாம் செய்யப் படித்த அம்மாவாக இருக்கவேண்டாமா என்ற கேள்வி எழும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே கயலிட்ஷா என்று ஒரு பெரிய குடிசைப்பகுதி. வறுமை மிகுந்த இடம், புத்தகம் இருக்கும் வீடுகள் குறைவு. அங்கே 14 முதல் 16 மாத வயதுக் குழந்தைகளின் பராமரிப்பாளர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி, படித்துக்காட்டுவதற்கு அல்ல; புத்தகத்தைக் குழந்தையோடு பகிர்ந்து பார்ப்பதற்கு. குழந்தையின் கண் போகும் இடத்தைப் பின்தொடர்வது, அது சுட்டுவதற்குப் பெயர் சொல்வது, படத்தில் இருப்பவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பேசுவது. மொத்தம் 91 இணைகள் பங்கேற்ற அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகள் கூடுதல் சொற்களைப் புரிந்துகொண்டார்கள். ஒரு பொருளில் கவனத்தை நிலைநிறுத்தும் திறனும் அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது.

எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத தாத்தாவும் கையில் எடுக்கலாம். சொல்லப்போனால் அவரிடம்தான் அது நன்றாக விளையும். அச்சிட்ட வரி கண்ணை இழுக்காததால், அவர் படத்தையும் பேரனின் முகத்தையும் மட்டும்தான் பார்ப்பார்.

பேச்சிலேயே இத்தனையும் நடக்கும் என்றால் புத்தகம் எதற்கு? நாள்முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் போதாதா? போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்றாடப் பேச்சு ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றுகிறது. சாப்பிடு, வா, தொடாதே, செருப்பைப் போடு, அப்பா வந்தாச்சு. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 100 படப்புத்தகங்களில் இருக்கும் சொற்களை, பெரியவர்கள் குழந்தைகளோடு பேசிய உரையாடல்களின் சொற்களோடு ஒப்பிட்டது. அதே அளவு சொற்களை எடுத்துக்கொண்டால், புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் கணிசமாகக் கூடுதலாக இருந்தன. காரணம் எளியது. சமையலறைக்குள் கலங்கரை விளக்கம் வராது, திமிங்கிலம் வராது, அரசனின் பொறாமை வராது. புத்தகத்தில் வரும்.

தமிழில் இன்னும் ஒன்று கூடுகிறது. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. ‘யானை ஆற்றுக்குச் சென்றது. அங்கே ஒரு முதலையைக் கண்டது’ என்று புத்தகத்தில் இருக்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, “ஆனை ஆத்துக்குப் போச்சாம், அங்க ஒரு முதலையப் பாத்துச்சாம்” என்பார். யோசிக்காமலேயே நாக்கு அப்படித் திரும்பிக்கொள்ளும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுதான் சரி. ஆனால் கடைசிவரை அப்படியே போனால், ‘சென்றது’, ‘கண்டது’ என்ற தமிழைக் குழந்தை முதன்முதலாகச் சந்திப்பது வகுப்பறையில்தான். அங்கே எழுத்தும் புதிது, மொழி வடிவமும் புதிது. இரண்டு சுமை ஒரே நாளில்.

இதே சிக்கல் அரபு மொழிக்கும் உண்டு. வீட்டில் பேசும் அரபும் நூலில் எழுதும் அரபும் தூரத்துச் சொந்தங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இலக்கிய அரபு புரியாது, அதனால் கதைகளைப் பேச்சுமொழியில் மாற்றித்தான் சொல்லவேண்டும் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருந்தது. இஸ்ரேலில் அரபு பேசும் குழந்தைகளின் மழலையர் வகுப்புகளில் டினா ஃபைடல்சனும் உடன் ஆய்வாளர்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் மாதக்கணக்கில் தினமும் இலக்கிய அரபிலேயே கதைகளைப் படித்துக்காட்டினார்கள். 1993-இல் வெளியான முடிவு: அப்படிக் கேட்ட குழந்தைகள் புதிய கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள், படங்களைப் பார்த்துத் தாங்களே கதை சொன்னபோது அவர்களுடைய மொழியும் செறிவாக இருந்தது. புரியாது என்று நினைத்தது பெரியவர்களின் பயம் மட்டுமே.

தமிழ் வீட்டில் இதை இரண்டு படியாகச் செய்துவிடலாம். புதுப் புத்தகம் என்றால் முதல் சில நாள் பேச்சுத் தமிழிலேயே கதை ஓடட்டும். கதை பழகியபின், அச்சில் இருப்பதை இருக்கிறபடியே, ஏற்ற இறக்கத்தோடு படிக்கலாம். கதை முன்பே தெரியும் என்பதால் ‘சென்றது’ என்றால் என்ன என்று குழந்தை கேட்காது. சில நாளில் பொம்மையை வைத்துக்கொண்டு “யானை சென்றது” என்று அதுவே கச்சேரி நடத்தும். வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். வரட்டும்.

பழகவேண்டுமே என்று யாரும் திட்டம்போட வேண்டியதில்லை. அந்த வேலையைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும். ஒரே புத்தகத்தை எடுத்து வந்து “மறுபடி, மறுபடி” என்று நச்சரிக்கும். பெரியவர்களுக்கு அலுத்துப்போய், பக்கங்களைத் தாண்டிப் பார்ப்பார்கள். கையும் களவுமாகப் பிடிபடுவார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து இந்த நச்சரிப்பை ஆராய்ந்தார். சில குழந்தைகள் ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்கள் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். அறிமுகப்படுத்திய புதுச் சொற்களும் அவை காதில் விழுந்த தடவைகளும் இருவருக்கும் சமம். சொற்களைக் கற்று மனத்தில் நிறுத்தியவர்கள், ஒரே கதையைக் கேட்டவர்கள். அடுத்து என்ன வரும் என்ற கவலை தீர்ந்தபிறகுதான் குழந்தைக்குச் சொல்லைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெற்றோர் ஏமாறக்கூடாது. கதை படித்துக்காட்டினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ழான் செயின்ட்-ஆபினும் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்துப் பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கதை கேட்கும் மழலையர் எழுத்துகளைக் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. கண் முழுக்கப் படத்தில்தான். வருத்தப்பட இதில் ஒன்றுமில்லை. நாலு வயதில் வேண்டுமானால் தலைப்பின் கீழே விரலை ஓட்டிக் காட்டலாம், பெயரின் முதல் எழுத்து புத்தகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடலாம். அதற்கு மேல் இழுத்தால் மறுபடியும் அந்தச் சுவர் சார்ட்டுக்கே வந்து நிற்போம்.

கைப்பேசியில் கதை ஓடுகிறதே, அது போதாதா என்பது இன்றைய வீடுகளின் கேள்வி. மிச்சிகனில் 37 பெற்றோர்-குழந்தை இணைகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒரே மாதிரியான கதைகளை அச்சுப் புத்தகத்திலும் டேப்லெட்டிலும் பார்க்கவைத்தார்கள். அச்சுப் புத்தகம் இருந்தபோது இருவரும் கதையைப் பற்றி அதிகம் பேசினார்கள். டேப்லெட் வந்ததும் பேச்சு குறைந்து, ‘அதைத் தொடாதே’, ‘அந்தப் பட்டனை அமுக்காதே’ என்பது கூடியது. சோறு ஊட்டும்போது யூடியூப் ரைம்ஸ் போடும் எந்த வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

புத்தகத்தைக் குழந்தையின் கையில் சேர்க்க நல்ல வழி கண்டவர்கள் டாக்டர்கள். 1989-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பேரி சக்கர்மேன், ராபர்ட் நீடில்மேன் ஆகிய குழந்தை மருத்துவர்கள் சில கல்வியாளர்களோடு சேர்ந்து ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ என்ற முறையைத் தொடங்கினார்கள். கைக்குழந்தைப் பருவம் முதல் ஐந்து வயதுவரை, பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு ஒரு புத்தகம். இதில் ஓர் உள்வேலையும் உண்டு. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் புத்தகத்தை நீட்டுவார். குழந்தை கையை எப்படி நீட்டுகிறது, விரலால் பிடிக்கிறதா உள்ளங்கையாலா, படத்தைச் சுட்டி அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறதா, பக்கத்தைப் புரட்டுகிறதா என்று கவனிப்பார். வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே படித்துக்காட்டச் சொல்லவேண்டும் என்று 2014-இல் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

நம் ஊரில் ஊசி போடும் நாளும் எடை பார்க்கும் நாளும் தவறுவதில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மக்கள் வாயில் இன்றும் அது பால்வாடிதான். சத்துமாவு வாங்கப் போகும் அம்மா கையோடு ஒரு படப்புத்தகத்தையும் இரவல் வாங்கி வந்தால், பாஸ்டன் டாக்டர்கள் செய்ததைவிட மலிவாகவே காரியம் நடக்கும்.

புத்தகத்துக்குப் பஞ்சம் என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த ராதுகா, முன்னேற்றப் பதிப்பக நூல்கள்தாம் பல வீடுகளில் பெரிய வண்ணப்படங்களோடு இருந்த ஒரே சிறுவர் புத்தகம். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், அதே ஆண்டில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் நூல்கள் புத்தகக் காட்சிகளில் இன்றும் கிடைக்கின்றன. சென்னையில் 1994-இல் தாரா, 1996-இல் தூலிகா என்று படப்புத்தகங்களுக்காகவே பதிப்பகங்கள் வந்தன. தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழி நூல்களும் உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப்பகுதி இருக்கிறது. சின்னக் குழந்தை அங்கே சத்தம் போட்டுப் பேசினாலும் யாரும் விரட்டப்போவதில்லை.

கடைக்கோ நூலகத்துக்கோ போகமுடியாதவர்களுக்கு இன்னொரு வழி. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. கதைகளைக் கடினத்தின்படி படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு முதல் நிலை போதும், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் போட்டு, நடுவில் ஊசிநூலால் தைத்துவிட்டால் புத்தகம் தயார். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். கழன்றால் முதலில் போவது வாய்க்குத்தான். அந்தப் புத்தகத்தைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், விளையாட்டுச் சாமான்களோடு சாமானாகப் போட்டுவைக்கலாம். கிழித்துவிட்டால் மறுபடி ஒரு பிரிண்ட்.